முயல்காதுக் கள்ளியும் ஐந்து படங்களும்

1

மகளின் கை அந்தச் செடியை நோக்கிப் போனதை நான் பார்த்தேனா, பார்க்கவில்லையா?

மூன்று கிழமையாக இதற்குப் பதில் தேடுகிறேன். சோறு வடிக்கும்போது, பார்த்தேன் என்று தோன்றுகிறது. பஸ்ஸில் இருக்கும்போது, சத்தியமாகப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒருவர் இதை என்னிடம் கேட்கக்கூடும். அதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

ஊரில் இருக்கும் நீங்கள் இதை வாசித்துவிட்டு, ஒரு கள்ளி முள் குத்தியதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். மூன்று கிழமைக்கு முன் என்றால் நானும் சிரித்திருப்பேன்.

திருமணமாகி இங்கே வருவதற்கு முன் வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் உயிரியல் படிப்பித்தேன். வந்து ஏழு வருடம். ரொறன்ரோவின் கிழக்கே, அஜின்கோர்ட்டில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கணவர் சுதன் பிக்கரிங்கில் ஒரு பொருட்களஞ்சியத்தில் பின்னேர வேலைக்குப் போகிறார். மகள் ஆதிரைக்கு ஐந்து வயது. நான் காலையில் குழந்தைப் பராமரிப்புப் படிப்புக்குப் போகிறேன். மற்றவர்களுடைய பிள்ளைகளைக் கவனமாகப் பார்ப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித் தருகிறார்கள்.

2

இங்கே ஏப்ரல் மாதத்தை வசந்தம் என்கிறார்கள். வாகனத் தரிப்பிட மூலைகளில் கறுத்துப்போன பனிக்குவியல் அப்படியே கிடக்கிறது. மரங்களில் ஒரு இலை இல்லை. ஆனால் நகரத்துப் பூங்கா ஒன்றில் கண்ணாடியால் கட்டிய செடி வீடு இருக்கிறது. அதில் ஒரு அறை முழுக்கப் பாலைவனச் செடிகள். நாட்கள் நீள நீள, கண்ணாடிக் கூரையால் வரும் வெயிலை வைத்துக்கொண்டு அவை பூக்கத் தொடங்கும். வெளியே உறைந்து கிடக்கும் நகரத்துக்குள், அந்த ஒரு அறைக்கு மட்டும் வசந்தம் சரியாக வந்துவிடும்.

ஒவ்வொரு வருடமும் அந்த நேரம் பார்த்துப் படம் எடுக்கப் போவேன். என்னோடு படிப்பித்த நளினி இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாள். "புத்தகத்தில இருக்கிற படத்தில கறுப்பா ஒரு புள்ளிதான் தெரியுது. நீ வடிவா எடுத்து அனுப்படி, பிள்ளையளுக்குக் காட்ட" என்று வட்சப்பில் சொல்லுவாள். நான் எடுத்த படங்களை அவள் உயர்தர வகுப்பில் காட்டுகிறாள். கனடாவில் நான் செய்யும் வேலைகளுக்குள், என் படிப்பு தேவைப்படும் வேலை அது ஒன்றுதான். அதை இப்போது எழுதும்போதே தப்பிக்கச் சாட்டுச் சொல்வது போலிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை நான் எடுக்கப் போனது ஒரு பூவின் அசைவை. நம்முடைய நாகதாளி இனத்துப் பூவின் நடுவே ஏராளமான மகரந்தக் கேசரங்கள் இருக்கும். தொட்டால் அவை மெல்ல உள்ளே வளையும். ஒரு வண்டு இறங்கினால் அதன் உடம்பில் மகரந்தம் பூசுவதற்கு அந்த ஏற்பாடு. தொட முதல் ஒன்று, தொட்ட பின் சில என்று வரிசையாகப் படம் எடுத்தால் பிள்ளைகளுக்கு விளங்கும். அந்த அறையில் அப்போது பூத்திருந்தது முயல்காதுக் கள்ளி. தட்டைத் தட்டையாக, இரண்டு காது நிமிர்ந்தது போல வளரும். முள்ளே இல்லாதது போலத் தெரியும். மஞ்சள் பஞ்சைப் பொட்டுப் பொட்டாக ஒட்டிவிட்ட மாதிரி இருக்கும். அந்தப் பஞ்சு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத முள். பட்டால் நூற்றுக்கணக்கில் தோலுக்குள் இறங்கிவிடும். அதைப் படிப்பித்தவள் நான். கரும்பலகையில் கீறியும் காட்டியிருக்கிறேன்.

குளிரிலிருந்து அந்தச் சூட்டுக்குள் போனதும் கமராக் கண்ணாடி வியர்த்துவிடும். அதனால் கமராவைப் பையோடு இருபது நிமிடம் வைத்திருந்தோம். அந்த இருபது நிமிடமும் ஆதிரையின் கையை விடவில்லை. இதை யாராவது எழுதிவைக்க வேண்டும். இருபது நிமிடம் விடவில்லை.

"அம்மா, முயலைத் தொடலாமா?"

"தொடக்கூடாது குஞ்சு. போர்ட்டில எழுதியிருக்குப் பாருங்கோ."

பிறகு கமராவை எடுத்தேன். கையை விட்டேன். சட்டைப் பையிலிருந்த பற்குச்சியை எடுத்து, அறையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பூவுக்குள் மெல்லத் தொட்டேன். தொடக்கூடாது என்று மகளுக்கு வாசித்துக் காட்டிய அதே பலகைக்கு முன்னால்.

ஐந்து படம் எடுத்தேன். ஆறாவதுக்கு முன் அவள் என் சட்டையை இழுத்தாள்.

"அம்மா, முயல் கடிக்குது."

3

அழுகை அந்த இடத்தில் வரவில்லை. பஸ்ஸில்தான் தொடங்கியது. வீட்டுக்கு வரும்போது உள்ளங்கை முழுக்கச் சிவந்து, அவள் விரலை மடக்கவும் முடியாமல் விரிக்கவும் முடியாமல் வைத்திருந்தாள்.

மருத்துவரிடம் போயிருக்கலாம். எல்லாரும் இப்போது அதைச் சொல்கிறார்கள். சனிக்கிழமை, காரைச் சுதன் கொண்டுபோயிருந்தார், பக்கத்து மருத்துவ நிலையத்தில் மூன்று மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்று போனில் சொன்னார்கள். பிள்ளை கத்திக்கொண்டிருந்தாள். முள் பிடுங்கும் சாமணத்தால் எடுத்துப் பார்த்தேன். பத்து வந்தது, நூறு இருந்தது. ஒட்டும் நாடா போட்டு இழுத்தேன். அது மேலே நின்றதை மட்டும் கொண்டுவந்தது.

சுகந்தி மச்சாளுக்குப் போன் எடுத்தேன். சுதனின் அக்கா, வோபர்னில் வீட்டு நிலக்கீழ் அறையில் வைத்துப் பெண்களுக்குப் புருவம் திருத்திக் கை கால் மயிர் எடுத்துவிடுகிறவர்.

"விசரி, ஒட்டுற ரேப்பால வருமே? நான் தந்த மெழுகுச் சட்டி இருக்கெல்லே? இளஞ்சூட்டில பூசி, துணியைப் போட்டு ஒரே இழுவை. மயிரே வேரோட வருது, முள்ளு வராதே?"

அது சரியான யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மெழுகைச் சூடாக்கி என் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன். சுடவில்லை. பிள்ளையின் உள்ளங்கையில் பூசினேன். ஒரு இழுவையில் முக்கால்வாசி முள் துணியோடு வந்தது. அவள் அழுகை நின்றது. அன்றைக்கு நல்லாகச் சாப்பிட்டாள்.

என் மணிக்கட்டுக்கு முப்பத்திரண்டு வயது, அவள் உள்ளங்கை ஏற்கெனவே புண்பட்டிருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் சிவப்பு அப்படியே இருந்தது. நடுவில் இரண்டு சின்னக் கொப்புளம். பிளாஸ்ரர் ஒட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன்.

4

பிளாஸ்ரர் மத்தியானத்துக்குள் கழன்றுவிட்டது. கையைப் பார்த்த ரீச்சர், என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார். அம்மா சூடான மெழுகு பூசினவ என்று ஆதிரை சொல்லியிருக்கிறாள். அது உண்மை. அதற்கு மேல் அவளிடம் யாரும் கேட்கவில்லை. இங்கே சட்டம் அப்படி: பிள்ளைக்குத் தீங்கு என்று சந்தேகம் வந்தால் ஆசிரியர் அறிவித்தே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தைப் பற்றி என் வகுப்பில் ஒரு பரீட்சை இருந்தது. எனக்கு நல்ல புள்ளி. அந்த ரீச்சருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அறிவித்திருப்பேன். அதனால் அவரிடம் கோபப்படவும் வழியில்லை. வழியில்லாத கோபம் எங்கே போகும்? வீட்டுக்குத்தான் வரும்.

பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு எடுத்திருக்கிறார்கள். நான் வகுப்பில் இருந்ததால் போனை நிறுத்தி வைத்திருந்தேன். அடுத்ததாகச் சுதனுக்கு எடுத்திருக்கிறார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது அவர் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு, சப்பாத்துக் கயிறு கட்டியபடியே சொன்னார்.

"ஸ்கூலால எடுத்தவை. நான் கதைச்சிட்டன். பயப்பட ஒண்டுமில்லை."

"என்ன சொன்னீங்கள்?"

"தேத்தண்ணி ஊத்துப்பட்டதெண்டு."

"ஏனப்பா பொய் சொன்னீங்கள்?"

"உது பொய் இல்லை வாணி. சுருக்கம்."

"சுருக்கமோ?"

"நீர் யோசிச்சுப் பாரும். கள்ளியெண்டால், ஏன் கள்ளிக்குக் கிட்ட விட்டனீங்கள் எண்டு கேப்பினம். மெழுகெண்டால், ஏன் டொக்டரிட்டப் போகேல்லை எண்டு கேப்பினம். தேத்தண்ணியெண்டால் எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதானே. கவனமா இருங்கோ எண்டிட்டு வைச்சிடுவினம்."

அவருக்கு இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என்னைக் கட்டுவதற்குப் பல வருடம் முன், அகதிக் கோரிக்கை விசாரணையில் ஒரே கேள்வியை அவரிடம் மூன்று விதமாகக் கேட்டார்களாம். அவரோடு ஒரே அறையில் இருந்த பெடியன் ஒரு திகதியை மாற்றிச் சொன்னதால் நிராகரிக்கப்பட்டான். சுதன் தப்பினார். அன்றைக்குப் படித்த பாடத்தை அவர் இன்னும் விடவில்லை: கதை சின்னதாக இருக்க வேண்டும், முதல் நாள் சொன்னதைக் கடைசி நாள் வரைக்கும் சொல்ல வேண்டும். நம்மில் எத்தனை பேர் இந்த நாட்டுக்குள் அப்படித்தான் வந்தோம். அதற்காக அவரை நான் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு உயிரைக் காப்பாற்றச் சொன்ன முறை. பிள்ளையின் கையில் இருக்கும் இரண்டு கொப்புளத்துக்கு அதை எடுத்து நீட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

நான் உடனே பள்ளிக்கூடத்துக்கு எடுத்து, அவர் சொன்னது பிழை, நடந்தது இதுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். போனைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்தேன். அவரைவிட என்மேல்தான் எனக்குக் கூடுதல் கோபம்.

அவர் வாசலில் நின்று, பள்ளிக்கூடத்தால் வந்திருந்த ஆதிரையைக் கூப்பிட்டார்.

"குஞ்சு, கையில என்ன பட்டதெண்டு ஆரும் கேட்டால் என்ன சொல்லுவீங்கள்?"

"முயல்."

"இல்லை. டீ. சொல்லுங்கோ பாப்பம்."

"டீ."

"வெரி குட்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பாத்திரம் கழுவப் போனேன்.

5

அடுத்த நாள் பின்னேரம் சிறுவர் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். என்னைவிட வயது குறைவு. வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். அந்த நேரத்தில் நான் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டிருக்கவே கூடாது. குசினி அலுமாரியைத் திறந்து பார்த்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிள்ளை எங்கே படுப்பாள் என்று கேட்டார். எல்லாம் மரியாதையாக. என் வீட்டு மீன்குழம்புச் சட்டியின் மூடியை ஒரு அந்நியர் மரியாதையாகத் திறந்து பார்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை; அவர் என்னை ஏசியிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன்.

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று சொன்னேன். ஆனாலும் விதிப்படி மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் போனில் பிடித்து ஒலிபெருக்கியில் வைத்தார். எங்கோ இருந்து பேசிய ஒரு தமிழ் ஐயா. "தங்கச்சி, ஒண்டுக்கும் பயப்படாதையுங்கோ, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார். நான் எட்டு வசனம் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் இரண்டு சொன்னார். விட்டுப்போன ஆறையும் நான் ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தால், அந்தப் பெண் கையைக் காட்டி, ஒவ்வொருவராகப் பேசுங்கள் என்றார்.

அந்த எட்டு வசனமும் தேத்தண்ணியைப் பற்றியதுதான். ஆம், நானும் சொன்னேன். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் சுதன் பக்கத்தில் இருந்தார். சுருக்கமாகச் சொன்னால் அந்தப் பெண் போய்விடுவார் என்று நினைத்தேன். தேத்தண்ணி எந்தக் கோப்பையில் இருந்தது என்று கேட்டார். நீலக் கோப்பை என்றேன். அவ்வளவு இலகுவாக வந்தது அந்த நிறம்.

பிறகு ஆதிரையோடு தனியே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பதினைந்து நிமிடம். நானும் சுதனும் சோபாவின் இரண்டு நுனியிலும் இருந்தோம். உள்ளே அவள் ஆங்கிலத்தில் கதைக்கும் சத்தம் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. அவளுடைய ஆங்கிலம் என் ஆங்கிலத்தைவிட வேகமானது. அது எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும். அன்றைக்குப் பயமாக இருந்தது.

அவர் போனபின், புட்டைக் கரண்டியால் கிண்டிக்கொண்டு ஆதிரை தானாகவே சொன்னாள்.

"ஐ செட் டீ, அம்மா. அப்பா சொன்ன மாதிரி."

"பிறகு?"

"ஷீ ஆஸ்க்ட் மீ எப்பிடி டீ ஊத்துப்பட்டதெண்டு. எனக்குத் தெரியாதே. சோ ஐ டோல்ட் ஹேர் முயல் கடிச்சது. அம்மா குச்சியால தொட்டவ. தென் நானும் தொட்டனான்."

"நானும் தொட்டனான்" என்று சொல்லும்போது அவள் குரலில் குற்றம் எதுவும் இல்லை. வரிசையாக நடந்ததைச் சொன்னாள்.

இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. அதில் இரண்டு வசனத்தை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். பிள்ளையின் கூற்று ஆசிரியரிடம் சொன்னதிலிருந்தும் நேர்காணலின் இடையிலும் மாறியது, ஆகவே அதன் நம்பகத்தன்மையை இப்போதைக்கு உறுதிசெய்ய முடியவில்லை. பெற்றோரின் கூற்றுகள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன.

வாசித்துப் பாருங்கள். பொய் சொன்ன நாங்கள் இருவரும் பொருந்துகிறோம். உண்மை சொன்ன ஐந்து வயதுப் பிள்ளைக்கு நம்பகத்தன்மை இல்லை. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. யாரைக் கிழிக்க? அவர்கள் எழுதியதில் ஒரு சொல்லும் பிழையில்லை. நாங்கள் கொடுத்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கடைசிப் பந்தியில், வியாழக்கிழமை பிள்ளையுடன் வரும்படியும், சம்பவம் தொடர்பான ஆவணமோ படமோ இருந்தால் கொண்டுவரும்படியும் இருந்தது.

6

படம் இருக்கிறது. அந்த ஐந்தும் இருக்கின்றன. நளினிக்கு அனுப்புவதற்காகக் கணினியில் போட்டுப் பார்த்தபோதுதான் கண்டேன்.

முதலாவது, விரிந்த பூ. இரண்டாவதில் பற்குச்சி. மூன்றாவதில் பற்குச்சி இல்லை, கேசரங்கள் வளையத் தொடங்கியிருக்கின்றன. படத்தின் இடது ஓரத்தில், மங்கலாக, ஒரு சின்னக் கை. விரல்கள் விரிந்து, அந்த மஞ்சள் பஞ்சுக்கு ஒரு அங்குலம் தள்ளி. நான்காவதில் கை இல்லை. ஐந்தாவதில் கேசரங்கள் முழுக்க உள்ளே மடிந்துவிட்டன. மிக நல்ல படம். இதுவரை நான் எடுத்ததில் அதுதான் திறம்.

எடுத்த நேரத்தைக் கமரா செக்கன் கணக்கில் பதிந்து வைத்திருக்கிறது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் ஆறு செக்கன். ஆறு செக்கனில் ஒரு கையைப் பிடிக்கலாம்.

ஆனால் இந்தப் பழைய கமராவில், கண்ணை வைத்துப் பார்க்கும்போது தெரிவதைவிடப் படம் சற்று அகலமாக விழும். ஓரத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாமலே படத்தில் வந்துவிடும். கை இருப்பது சரியாக அந்த ஓரத்தில். குசினி மேசையில் நீலக் கோப்பையையும் என் கையையும் வைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தேன். சில தடவை தெரிகிறது. சில தடவை தெரியவில்லை. கண்ணை எவ்வளவு நெருக்கி வைக்கிறேன் என்பதைப் பொறுத்தது அது. அன்றைக்கு எவ்வளவு நெருக்கி வைத்தேன் என்று எந்தக் கமராவும் பதிந்து வைக்கவில்லை.

சுதனுக்குக் காட்டினேன்.

"உந்தப் படங்களை அழிச்சுவிடும்" என்றார்.

"இதைக் காட்டினால் பிள்ளை சொன்னது உண்மையெண்டு தெரியுமெல்லே?"

"நாங்கள் சொன்னது பொய்யெண்டும் தெரியும். என்ர சிற்றிசன் விண்ணப்பம் போட்டுக் கிடக்கு வாணி. அரசாங்கத்துக்குப் பொய் சொன்னவனெண்டு ஒரு இடத்தில எழுதுப்பட்டால் எல்லா இடத்துக்கும் போகும். உமக்கும்தானே. உம்மை எந்தப் பிள்ளைக் காப்பகத்தில வேலைக்கு எடுப்பினம்?"

"அப்ப ஆதிரை பொய்க்காரியா இருக்கட்டுமோ?"

"அவள் சின்னப்பிள்ளை. அவளை ஆர் என்ன செய்யப்போகினம்? ஆறு மாசத்தில மறந்திடுவாள்."

மச்சாளுக்கும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது கையைப் பற்றி அல்ல.

"என்ர பேரைச் சொன்னனியோ?"

"இல்லை மச்சாள்."

"சொல்லிப்போடாத. நான் லைசன்ஸ் இல்லாமல் செய்யிறன். மெழுகு கடையில வாங்கினதெண்டு சொல்லு."

இன்னுமொரு கதை. நான் போனை வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பீங்கானைச் சுவரில் எறிந்தேன். பிறகு பிள்ளையின் காலில் குத்திவிடும் என்று பயந்து, முழந்தாளில் இருந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினேன்.

படங்களைக் கொடுத்தால், என் மகள் சொன்னது உண்மை என்று கோப்பில் ஏறும். அவளுடைய தகப்பன் பொய் சொன்னார், நானும் சொன்னேன் என்றும் ஏறும். கையைப் பார்த்தபடி தாய் படம் எடுத்துக்கொண்டிருந்தாள் என்றும் யாராவது எழுதலாம். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அழித்தால், தேத்தண்ணிக் கதை நிற்கும். கோப்பு அநேகமாக மூடப்படும். நம்பகத்தன்மை இல்லை என்ற சொல் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே மூடப்படும். அவள் அதை வாசிக்கப்போவதில்லை என்று சுதன் சொல்கிறார். இந்த நாட்டில் அவள் எதைத்தான் வாசிக்காமல் விடப்போகிறாள்?

இதெல்லாம் எனக்குத் தெரிந்த தடுமாற்றம். பெரியவர்களுடையது. எப்படியாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை, பள்ளிக்கூடப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, கையுறைக்குள் கையை விட்டபடி ஆதிரை கேட்டாள்.

"அம்மா, வியாழக்கிழமை விச் வன் சொல்ல வேணும்? டீயோ, முயலோ?"

கண்ணில் ஒரு பயமும் இல்லை. இன்றைக்கு எந்தச் சப்பாத்துப் போடட்டும் என்று கேட்பது போலக் கேட்டாள். இரண்டும் சொல்லக்கூடியவை, நான் சொல்வதைச் சொன்னால் போதும் என்று எங்கள் வீட்டில் அவள் படித்துவிட்டாள். பஸ் வந்தது. பின்னேரம் சொல்கிறேன் என்று ஏற்றி அனுப்பினேன்.

பின்னேரம் நான்கு மணிக்கு அந்த பஸ் திரும்பி வரும். இதை வாசிப்பவர்களில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இப்படியான அலுவலகங்களுக்குப் போனவர்கள் இருப்பீர்கள். சொன்ன கதையையே கடைசிவரை சொல்லிப் பிழைத்தவர்களும் இருப்பீர்கள், இடையில் மாற்றிச் சொன்னவர்களும் இருப்பீர்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம், நல்ல தாய் என்றும் சொல்ல வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரு பதில்: அவளுக்கு நான் என்ன சொல்ல? வியாழக்கிழமைக்கு முன் எழுதுங்கள்.